எலும்பு ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம்
(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன். எதிரில் நிற்பவர் பேசுவார், நான் எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் வாக்கரோடு கீழே இறங்கிய நாளிலிருந்து லிஃப்ட் வாசலில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "உங்களுக்கு சுகர் இருக்கே, கால் எப்படி சார் சேர்ந்தது?" தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டார்.

நான் படித்தது பி.காம். ஆகவே என் பேச்சைக் கேட்டு யாரும் மருந்தின் அளவை மாற்ற வேண்டாம். 26 நாள் படுக்கையில் கிடந்து பார்த்ததையும், டாக்டர்களையும் சிஸ்டர்களையும் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

விபத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். காலை நடை முடிந்து கேட் பக்கம் வரும்போது தப்பான திசையில் வந்த ஒரு பைக் இடித்தது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நம் வாட்ச்மேனும் இரண்டாவது மாடித் தம்பியும் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி. இந்த இடத்தில் ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதலில் பணத்தைக் கட்டு என்று கேட்டு நிறுத்தக் கூடாது. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

என் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த மாத்திரைச் சீட்டை அப்படியே பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். டியூட்டி டாக்டர் அதைப் படித்துவிட்டு ஒரு பெயரில் விரலை வைத்தார். டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மாத்திரை. நம் குடியிருப்பிலேயே நிறையப் பேர் சாப்பிடுகிறீர்கள். நல்ல மருந்துதான். ஆனால் அடிபட்டு, பட்டினி கிடந்து, அறுவை சிகிச்சைக்கும் போகும்போது, சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் சேர்ந்துவிடலாமாம். தேதி குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். விபத்துக்கு ஏது தேதி? அதனால் உடனே கீட்டோன் பரிசோதனை செய்தார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்போது பேச்சே வரவில்லை.

அன்று காலை நான் சாப்பிட்டிருந்தது சர்க்கரை போடாத ஒரு டம்ளர் காபி மட்டும். ஆனால் சுகர் 318. என் மகன், "அப்பா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று போனில் கேட்டான். சாப்பாடு காரணமே இல்லை. பெரிய அடி பட்டால் உடம்பு அபாயச் சங்கு ஊதுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கிளம்பி, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டச் செய்கின்றன. இன்சுலின் வேலை செய்வதையும் அவை தடுக்கின்றன. சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இப்படி ஏறலாம். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எனக்கு 7.4 இருந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர், "இந்த 318 உங்க காலோட வேலை சார், உங்க வாயோட வேலை இல்லை" என்றார். வீட்டாரின் விசாரணை அதோடு நின்றது.

மாத்திரைகளை நிறுத்தி இன்சுலின் ஆரம்பித்தார்கள். முதலில் டிரிப்பில், பிறகு ஊசியாக. செய்தி ஊருக்குப் போனதும் என் அக்கா போனில் அழுதேவிட்டார். "இன்சுலின் போட்டா ஆயுசுக்கும் விட முடியாதேடா தம்பி!" நம்மில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. ஆஸ்பத்திரியில் போடுவது பெரும்பாலும் அந்த நெருக்கடிக்குத்தான். அளவை மணிக்கு மணி கூட்டலாம், குறைக்கலாம் என்பதற்காகத்தான் ஊசி. 1922 ஜனவரியில் டொரன்டோவில் சாகக் கிடந்த ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு இதை முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன்னால் அந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம். அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, அது வேறு விஷயம். இப்போது எனக்கு இரவில் ஒரு ஊசி மட்டும். அதுவும் குறைந்துகொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில் சுகரை 140-லிருந்து 180-க்குள் வைத்திருக்கத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். இன்னும் இறக்கினால் நல்லதுதானே என்று கேட்டேன். இறக்கப் போய் 70-க்குக் கீழே போய்விட்டால் அந்த ஆபத்து உடனடி ஆபத்து என்றார்கள். ஒன்பதாவது நாள் அதை நேரிலேயே அனுபவித்தேன். மாலை ஏழு மணிக்கு ஊசி போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் எக்ஸ்ரேவுக்கு வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வரிசை. திரும்பும்போது மணி எட்டு இருபது. கை நடுக்கம், சட்டை நனைகிற வேர்வை, என்ன பேசுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. என் மனைவி, "சிஸ்டர், இவருக்கு வேர்க்குது!" என்று கத்தியபிறகு பார்த்தால் 58. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், 92. பிறகு ஆறிப்போன இட்லி.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட வந்த பையனுக்கு ஊசி போட்டது தெரியாது. ஊசி போட்ட சிஸ்டருக்கு எக்ஸ்ரே தெரியாது. எலும்பு டாக்டர் காலைப் பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் சார்ட்டைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே ஆளின் உடம்பு என்பதை நினைவில் வைத்திருக்கிற ஆள் கட்டிலிலும், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலிலும்தான் இருக்கிறார். மறுநாள் தலைமை சிஸ்டரிடம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் ஊசி. அவரும் மறுக்கவில்லை. "நீங்களே ஞாபகப்படுத்துங்கப்பா, எனக்கு முப்பது பெட்டு" என்றார்.

அன்று முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தேன். மணி, சுகர், எத்தனை யூனிட், என்ன சாப்பாடு, வேறு என்ன நடந்தது என்று ஐந்து பத்தி. பழைய தொழில் புத்தி. ஒருநாள் 312 என்று வந்தது. கணக்கு இடித்தது, ஏனென்றால் அந்த மதியம் ஒன்றுமே சாப்பிடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பார்க்க வந்த நண்பருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்த அதே விரலில் குத்தியிருக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தால் 176. முதல் எண்ணை நம்பி ஊசி போட்டிருந்தால்?

இந்த நோட்டு உண்மையில் கைகொடுத்தது பதினாறாவது நாள். அதற்குள் இரண்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. முதலில் புண்ணைக் கழுவி வெளியே கம்பி கட்டியது, பிறகு எலும்புக்குள் கம்பி செலுத்தியது. அன்று விடிகாலை சுகர் 268. மதியம் 281. சாப்பாடு அதே சாப்பாடு, ஊசி அதே ஊசி. கையைக் கழுவியாயிற்று. காய்ச்சல் இல்லை, வலியும் புதிதாக இல்லை. வங்கியில் என்றால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு நாளை பார்க்கலாம் என்போம். எனக்கு மனம் கேட்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த எலும்பு டாக்டரிடம் நோட்டை நீட்டினேன். அவர் இரண்டு நிமிடம் நின்று படித்தார். அடுத்த நாள் பிரிக்க வேண்டிய கட்டை அப்போதே பிரிக்கச் சொன்னார். தையலின் ஓரத்தில் சீழ்.

காய்ச்சல் அன்று இரவுதான் வந்தது. உள்ளே கிருமி சேர்ந்தால் சில சமயம் சர்க்கரைதான் முதலில் சொல்லிவிடுமாம். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தை மாற்றி, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். "எலும்புக்குள்ள இறங்கியிருந்தா காலைப் பத்தியே வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்" என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் மனைவி கேட்டிருக்கிறாள். இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு ஹார்லிக்ஸ், ஜூஸ், இளநீர் கொண்டு வருகிறீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, சுண்டல், பருப்பு, பனீர், தயிர் என்று எதுவும் கொண்டுவரலாம், டயட்டீஷியனைக் கேட்டுவிட்டு. சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவருக்குப் புரதத்துக்கும் அளவு உண்டு. எனக்கு எதிர் ஃப்ளாட் அம்மா தினமும் பச்சைப்பயறு சுண்டல் அனுப்பினார்கள். அதற்கு ஈடே கிடையாது.

இன்னொன்று, அடிபட்ட காலை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு ஆபத்து வந்தது நல்ல காலில்! பதினேழு வருட சர்க்கரையில் பாதம் கொஞ்சம் மரத்துத்தான் போயிருக்கிறது. அசையாமல் கிடந்ததில் இடது குதிகால் சிவந்து கன்றிப்போனது எனக்குத் தெரியவேயில்லை. ஒரு இளம் சிஸ்டர்தான் போர்வையை விலக்கிப் பார்த்தார். ஆடுசதைக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிட்டார். நாலு நாளில் சிவப்பு போனது. படுக்கையில் இருப்பவரின் இரண்டு குதிகாலையும் தினமும் கையால் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக டிஸ்சார்ஜுக்குப் பிறகு மருந்துக் கடை. நம் ஊரில் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதே போல இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. மாற்றி நடந்தால் 20-க்குப் பதில் 8 தான் போகும். பாட்டில் லேபிளும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டு வகை சிரிஞ்சையும், அந்த நோட்டையும் கொண்டு வந்திருக்கிறேன். முன் வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள். மாத்திரைச் சீட்டு எழுதுவதற்கு வெற்றுத் தாளும் ஐம்பது நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள். ஆனால் எட்டு மணிக்கு நான் சாப்பிட்டாக வேண்டும்.