திரை மூலையில் ஒரு சிறுபடம்

வழியை அறிதல் வேறு; வழிகாட்டப்படுதல் வேறு. இதனை வீடியோ விளையாட்டுக்கள் நன்கு விளக்குகின்றன.

1980ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான நம்கோ வெளியிட்ட ‘றலி எக்ஸ்’ விளையாட்டின் களம் திரையினும் பெரிது. ஆதலின் கொடிகளும் பகைக் கார்களும் எங்குள்ளன என்பதைப் பக்கத்தே அமைந்த றேடார் படமே உணர்த்திற்று.

2008இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 4’, செல்லவேண்டிய தெருக்களையே சிறுபடத்திற் கோடிட்டுக் காட்டிற்று. நியூயோர்க்கை ஒத்த நகரொன்றைக் கலைஞர்கள் அரிதின் அமைத்திருந்தும், ஆடுபவரின் கண் அக்கோட்டிலேயே நிலைத்துவிடக்கூடும். அவர் இலக்கை அடைவார், நகரை அறியார்.

2002இல் வெளியான ‘மொரோவின்ட்’ விளையாட்டிலோ, சிறுபடம் இருந்தும், ஊரவர் பெரும்பாலும் பாலத்தையும் குன்றையும் அடையாளங்கூறியே வழி சொல்லுவர். ஆடுபவர் அவற்றைத் தேடிப் பார்த்தே நடத்தல் வேண்டும். வழி தவறுவதும் உண்டு. ஆயின், கண்ட இடம் நினைவில் நிற்கும்.

இதனாற் சிறுபடத்தை அறவே நீக்குதல் முறையன்று. திசையறிய இடர்ப்படுவோர்க்கும், அரைமணி நேரமே ஓய்வுடையோர்க்கும் அது நற்றுணை. 2017இல் நின்டெண்டோ வெளியிட்ட செல்டா விளையாட்டில், வேண்டாதோர் அதனை மறைத்துக்கொள்ளலாம். 2020இல் வந்த ‘கோஸ்ட் ஒவ் சுஷிமா’ வீசுங் காற்றையே வழிகாட்டியாக்கிற்று. புல் சாயுந் திசையை நோக்குபவர் நிலத்தையும் நோக்குகின்றார். அத்தகைய துணையே விரும்பத்தக்கது.