மீண்டும் ஒரு கையொப்பம்

 



தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் ஆகியவற்றைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். கொடுக்கல் வாங்கலைப் பற்றிக் கேட்டது குறைவு. ஆனால் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று சிந்தித்துப் பாருங்கள். கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவர் தாமே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவருக்கு அந்த ஆற்றல் இல்லையெனில் அவருடைய பொறுப்பாளர் நேர்மையாகச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதென்று எழுதச் சோம்பக் கூடாது. இத்தனையையும் அல்லாஹ் அந்த ஒரே வசனத்தில் கற்றுத் தருகிறான். ஆகவே, காகிதத்தில் இடும் கையொப்பமும் மார்க்கத்திற்கு உட்பட்ட விஷயமே.

இன்று நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் பணியாற்றுகிறார்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. புதிதாகக் குடியேறியவர்களில் சிலர் காரை விலைக்கு வாங்காமல் லீஸுக்கு எடுக்கிறார்கள். இந்த லீஸ் முறை மார்க்கத்திற்கு உகந்ததா என்பது தனிக் கேள்வி. ஒவ்வோர் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். இன்று நாம் பேசப் போவது, ஒப்பந்தம் முடிந்து காரும் வீடு வந்து சேர்ந்த பிறகு எழும் ஒரு சோதனையைப் பற்றி.

டீலரின் அழைப்பு

ஓர் இளைஞர் 36 மாத லீஸுக்குக் கையொப்பமிட்டுக் காரை ஓட்டி வந்துவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதத் தவணை 390 டாலர். பத்து நாட்கள் கழித்து டீலரிடமிருந்து தொலைபேசி வருகிறது. “காகிதத்தில் ஒரு சிறு கோளாறு. வந்து இன்னொரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலைதான்!”

ஏன் அழைக்கிறார்கள்? லீஸ் ஒப்பந்தத்தை முதலில் எழுதுபவர் பெரும்பாலும் டீலர். பிறகு அவர் அந்த ஒப்பந்தத்தையும் காரையும் ஒரு நிதி நிறுவனத்திடம் ஒப்படைத்துப் பணம் பெற்றுக் கொள்கிறார். நிறுவனம் ஏற்காவிட்டால் டீலரின் பணம் முடங்கிவிடும். அதனால்தான் இந்த அழைப்பு. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். காரின் அடையாள எண்ணிலோ வரிக் கணக்கிலோ உண்மையிலேயே எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். அல்லது நிதி நிறுவனம் அந்த நிபந்தனைகளில் கடன் தர மறுத்திருக்கலாம். அல்லது டீலர் தமது இலாபம் குறைந்துவிட்டதாகக் கருதி, இன்னும் கொஞ்சம் கறக்கப் பார்க்கலாம். மூன்றிற்கும் தொலைபேசியில் சொல்லப்படும் சொல் ஒன்றுதான்: “சிறு கோளாறு!”

காரை முதலில் ஓட்டிச் செல்ல விட்டு, வாடிக்கையாளர் பழைய காரை மாற்றிக் கொடுத்துவிட்டு, அண்டை வீட்டாரிடமும் புதிய காரைக் காட்டி மகிழ்ந்த பிறகு திரும்ப அழைக்கும் இந்த வழக்கம் அந்நாட்டில் நன்கு அறியப்பட்டது. இழுத்து விட்டு இழுக்கும் யோ-யோ பொம்மையின் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள்.

வாக்கு என்பது என்ன?

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே, ஈமான் கொண்டோர் தம் ஒப்பந்தங்களை நிறைவேற்ற வேண்டும் என்று கட்டளையிடுகிறது. வாடகை ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. வாடகையும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை ஃபிக்ஹு நூல்கள் வலியுறுத்துகின்றன. ஒருவர் தம் விருப்பத்திற்கு அதை மாற்ற முடியாது. இருவரும் மனமொப்பினால் மாற்றலாம்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மத்யனில் அந்தப் பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம், தாம் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் சொன்னார். மூஸா (அலை) அவர்களும், இரண்டில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது வரம்பு மீறுதல் கூடாது என்று பேசி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள் (அல்குர்ஆன் 28:27-28). கட்டாயம் எது, விருப்பம் எது என்பது தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லப்பட்டது. எட்டாம் ஆண்டின் முடிவில், “கணக்கில் கோளாறு, இன்னும் இரண்டு ஆண்டு!” என்று பெரியவர் சொல்வதற்கு இடமே இல்லை.

ஹிஜ்ரி 6இல், அதாவது கி.பி. 628இல், ஹுதைபிய்யாவில் நடந்ததையும் நினைவுகூருங்கள். உடன்படிக்கையின் வாசகத்தில் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களை ஏற்க முடியாது என்றார் குறைஷிகளின் பிரதிநிதி சுஹைல். தோழர்கள் கொதித்தார்கள். நபி (ஸல்) அவர்களோ அதை மாற்ற ஒப்புக் கொண்டார்கள். மாற்றம் நேருக்கு நேர், இரு தரப்பும் அறிய, உடன்படிக்கை முடிவாகும் முன் நடந்தது. அந்நேரம் சுஹைலின் மகன் அபூஜன்தல் (ரலி) அவர்கள் விலங்குகளோடு தப்பி வந்து சேர்ந்தார்கள். அவரை விட்டுத் தருமாறு நபியவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், சுஹைல் மறுத்துவிட்டார். பேசிய நிபந்தனைப்படி அபூஜன்தல் (ரலி) திருப்பி அனுப்பப்பட்டார்கள். நெஞ்சைப் பிளக்கும் அந்த வேளையிலும் வாக்கு காக்கப்பட்டது. ஒப்பந்தத்திற்கு இஸ்லாம் தரும் மதிப்பு அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அன்பானவர்களே! அழைப்பு வந்தால் பதறாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். முதலில், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிதி நிறுவனம் மறுத்துவிட்டது என்றால், அதற்கான கடிதத்தைக் கேளுங்கள். பழைய ஒப்பந்தத்தை எடுத்து, ‘நிதி நிறுவனம் ஏற்காவிட்டால் ரத்து செய்யலாம்’ என்ற நிபந்தனை அதில் உண்டா, அல்லது உடன் கையொப்பமிட்ட வேறொரு தாளில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அதற்கும் நீங்கள் கட்டுப்பட்டவரே. மாநிலத்திற்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதால், ஐயமிருந்தால் அம்மாநில வழக்கறிஞரை அணுகுங்கள்.

அடுத்து, புதிய ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, பழையதையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தவணை 390இலிருந்து 415 ஆகியிருந்தால் 36 மாதத்தில் 900 டாலர் கூடுதல். தவணை மாறவில்லை என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம்! ஆண்டுக்கு 12,000 மைல் என்றிருந்த வரம்பு 10,000 ஆகியிருக்கலாம். மூன்று ஆண்டில் 6,000 மைல் குறைகிறது. கூடுதல் மைலுக்கு 25 சென்ட் கட்டணம் என்றால், திருப்பிக் கொடுக்கும் நாளில் 1,500 டாலர் கேட்பார்கள். முன்பணம், மாதங்களின் எண்ணிக்கை, லீஸ் முடிவில் காருக்குக் குறித்த மதிப்பு, இடையில் முறித்தால் அபராதம் ஆகிய எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட தொகைவரை, நான்கு மாதங்களுக்கு மேற்பட்ட சொந்த உபயோக லீஸ்களில், இவ்விவரங்களைக் கையொப்பத்திற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்பது அந்நாட்டில் 1976இல் இயற்றப்பட்ட சட்டத்தின் தேவை. அது உங்கள் உரிமை. ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லாதவர் நம்பகமான ஒருவரை உடன் அழைத்துச் செல்லட்டும்.

மூன்றாவது, பழைய ஒப்பந்தம் ரத்தானது என்று எழுதி வாங்காமல் புதியதில் கை வைக்காதீர்கள். இல்லையேல் ஒரே காருக்கு இரண்டு கடன்பத்திரங்கள் உங்கள் பெயரில் நிற்கும். பழைய தேதியைப் போட்டுக் கையொப்பமிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்று இட்ட கையொப்பத்தை அன்று இட்டதாகக் காட்டுவது பொய்ச் சாட்சியம். நண்பர் ஒருவர் உங்களுக்குப் பிணை நின்றிருந்தால், அவருக்குத் தெரியாமல் அவர் பெயரை நீங்கள் எழுதாதீர்கள். அவருடைய பொறுப்பு அவருடைய அமானிதம்.

புதிய நிபந்தனை ஒத்துவரவில்லையா? காரைத் திருப்பிக் கொடுத்து, முன்பணத்தையும் மாற்றாகக் கொடுத்த பழைய காரையும் கேளுங்கள். மூன்று நாட்களுக்குள் எந்தக் காரையும் திருப்பித் தந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் அந்த மூன்று நாள் கூட்டாட்சி விதி, டீலரின் கடையில் சென்று எடுத்த காருக்குப் பொருந்தாது. டீலர்களின் ஏமாற்று வேலைகளைத் தடுக்க 2023 டிசம்பரில் கூட்டாட்சி வணிக ஆணையம் அறிவித்த புதிய விதியையும், 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே, கையெழுத்துக்கு முந்தைய விழிப்பே முதல் பாதுகாப்பு.

பிழை நமக்குச் சாதகமாக இருந்தால்?

சகோதரர்களே! நம் ஈமானுக்கான உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. பேசி முடித்தது 390 டாலர். தட்டச்சில் 309 என்று விழுந்துவிட்டது. டீலர் அழைக்கிறார். “கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இனி மாற்ற முடியாது!” என்று சட்டம் பேசலாமா? உங்கள் மனம் ஒப்புக் கொண்ட தொகை எது என்பது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். பரஸ்பர இணக்கமின்றி ஒருவர் பொருளை மற்றவர் உண்ணக் கூடாது என்று அல்குர்ஆன் 4:29 தடுக்கிறது. மாதம் 81 டாலர் வீதம் 36 மாதத்தில் 2,916 டாலர். அது நம் வீட்டுச் சோற்றில் கலக்க வேண்டுமா? டீலர் எந்த மதத்தவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. உடனே சென்று திருத்திக் கொடுங்கள். உண்மையான எழுத்துப் பிழையைத் திருத்த ஒத்துழைப்பதும் வாக்கை நிறைவேற்றுவதே ஆகும்.

வருந்தி வந்தவரின் கோரிக்கையை ஏற்று வியாபாரத்தை முறித்துக் கொடுப்பவருக்கு, அல்லாஹ் அவருடைய தவறுகளைப் பொறுத்தருள்வான் என்ற நற்செய்தி ஹதீஸில் உண்டு. நம் இளைஞர்களில் கார் விற்பனைக் கூடங்களில் பணியாற்றுவோரும் இதைக் கேளுங்கள்! நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். உயர்த்திய தவணையைச் ‘சிறு கோளாறு’ என்ற சொல்லுக்கு அடியில் மறைப்பதும் அதே நனைந்த தானியம்தான். மேலாளர் சொன்னார் என்பது மறுமையில் பதிலாகாது.

பெற்றோர்களே! தொலைதூரத்தில் இருக்கும் பிள்ளையிடம், “என்ன கார் எடுத்தாய்?” என்று கேட்கிறீர்கள். “எதில் கையெழுத்துப் போட்டாய், படித்துப் பார்த்தாயா?” என்றும் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் வாக்குகளில் உண்மையையும், நம் எழுத்துகளில் நேர்மையையும், நம் வாழ்வாதாரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! பிறரை ஏமாற்றாமலும் பிறரால் ஏமாற்றப்படாமலும் நம்மையும் நம் சந்ததிகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.