முனை பொருந்தினால் போதுமா?

வெளிநாடு புறப்படும்போது ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் பெட்டியில் முதலிடம் கொடுக்கிறோம். அங்குள்ள சுவரில் நம் பிளக் நுழையுமா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நானும் எண்ணவில்லை. பங்காருபேட்டையிலிருந்து என் தந்தையாரைச் சிங்கப்பூரிலுள்ள தங்கையின் இல்லத்திற்கு அழைத்துச் சென்றேன். தங்கை அவ்வீட்டில் குடியேறி ஒரு வாரமே ஆகியிருந்தது.

தந்தையாருக்கு மூச்சிரைப்பு உண்டு. நெபுலைசர் என்னும் மருந்தாவி இயந்திரமே இரவில் துணை. முதல் நாள் நள்ளிரவிலேயே மூச்சு முட்டியது. எங்கள் பிளக்கிலோ மூன்று உருண்டை முனைகள்; சுவரிலோ மூன்று தட்டைத் துளைகள். தங்கை ஓடிப்போய் அண்டை வீட்டுச் சீன மூதாட்டியாரை எழுப்பி, ஓர் அடாப்டர் வாங்கி வந்தாள். அதை நான் செருகப் போனபோது தந்தையார் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"பொறுடா! இங்கே எத்தனை வோல்ட்? எத்தனை சைக்கிள்?"

மூச்சுக்குத் தவிக்கிறவர் கேட்கும் கேள்வியா இது என்று எனக்குச் சினமே வந்தது. ஆனால் அவர் 2001இல் மூடப்படும்வரை கோலார் தங்கச் சுரங்கத்தில் மின் பிரிவில் வேலை பார்த்தவர். 1902இல், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் கம்பி வழியே அச்சுரங்கத்திற்கு வந்த மின்சாரம் விநாடிக்கு 25 சைக்கிள் உடையது. பின்னர் நாடெங்கும் நிலைத்ததோ 50. ஐம்பதுக்கென்று செய்த மோட்டாரை இருபத்தைந்தில் அதே அழுத்தத்தில் ஓட்டினால் சூடேறிக் கருகும். பழைய தொழிலாளரிடம் தொழில் கற்றவர் இதை மறப்பதில்லை.

நற்காலமாக, சிங்கப்பூரிலும் நம்மைப்போல் 230 வோல்ட், 50 சைக்கிள். இயந்திரம் ஓடியது. அவர் முகத்தில் தெளிவு வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி எனக்கு நீண்டதாயிருந்தது.

நம் உருண்டை முனை பழைய ஆங்கிலேய அமைப்பு. போருக்குப் பின், 1947இல், ஆங்கிலேயர் ஃபியூஸ் வைத்த தட்டை முனைக்கு மாறினர்; சிங்கப்பூரும் மலேசியாவும் அவ்வழி சென்றன. நாம் பழையதையே வைத்துக்கொண்டோம். அந்தத் தட்டைத் துளைகளில் மேல் துளைக்குள் நீண்ட முனை நுழைந்தால்தான் கீழிரண்டும் திறக்கும். சிலர் அதில் பேனாவைச் செருகித் திறக்கிறார்கள். இது உயிரோடு விளையாடுவது.

அடாப்டர் முனையின் உருவத்தை மட்டுமே மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. கைபேசி சார்ஜர்கள் பெரும்பாலானவற்றில் '100–240' என்று பொறித்திருக்கும். அவற்றுக்கு அடாப்டர் போதும். '230' என்று மட்டும் பொறித்த மிக்சியும் நெபுலைசரும் அங்கே சோர்ந்து நிற்கும். அங்கிருந்து ஆசையாக வாங்கிவரும் 120 வோல்ட் பொருளோ இங்கே புகைந்துவிடும். எர்த் இணைப்பில்லாத மலிவு அடாப்டரை இஸ்திரிப் பெட்டிக்குப் பயன்படுத்தலாகாது.

மறுநாள் காலை தந்தையார் எங்களுடன் கடைக்கு வந்து, எர்த் உள்ள அடாப்டர் இரண்டு வாங்கச் செய்தார். ஒன்று மூதாட்டியாருக்கு, அவர் தந்ததைத் திருப்பிக் கொடுத்தபோது அதையும் சேர்த்துக் கொடுத்தோம். மற்றொன்றின் முதுகில் தம் கையாலேயே '230, 50' என்று மையால் எழுதினார்.