பாக்டீரியா உண்ணிகள்



வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்பர். நம்மை நோயால் வாட்டும் பாக்டீரியாவுக்கும் பகைவன் உண்டு. அதனினும் மிகச் சிறிய அந்த வைரஸை 1915-இல் இங்கிலாந்தில் டுவார்ட்டும், 1917-இல் பாரிஸில் டெரெலும் தனித்தனியே கண்டறிந்தனர். 'பாக்டீரியா உண்ணி' எனப் பொருள்படும் பாக்டீரியோஃபேஜ் என்னும் பெயரை இட்டவர் டெரெல். சுருக்கமாக ஃபேஜ் என்போம்.

இரை ஒன்றாயின் அதனை உண்பனவும் ஓரினமாகத்தானே இருத்தல் வேண்டும்? உண்மை அதுவன்று. மண்ணில் வாழும் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்னும் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல் ஆராய்ந்தார். 2008 முதல் கல்லூரி மாணவர்கள் பலரும் இப்பணியில் சேர்ந்தனர். மண்ணைக் கொணர்ந்து, அதிலிருந்து ஃபேஜைப் பிரித்தெடுத்து, அதற்குப் பெயரும் சூட்டுவது அவர்கள் வேலை. இன்று 2,000-க்கும் மேற்பட்ட ஃபேஜ்களின் மரபணுத் தொடர் முழுமையாக அறியப்பட்டுள்ளது. அவை ஏறத்தாழ 30 குலங்களாகப் பிரிகின்றன. எக்குலத்திலும் சேராத தனியன்களும் உள. ஒரு குலத்துக்கும் மற்றொரு குலத்துக்கும் ஒற்றுமை காண்பதே அரிது.

இத்துணை வேற்றுமை எவ்வாறு எழுந்தது? பாக்டீரியா தற்காப்புக்காக மாறுகிறது. அதனை வெல்ல ஃபேஜும் மாறுகிறது. இப்போர் ஓய்வதில்லை. மேலும், இரு ஃபேஜ்கள் ஒரே பாக்டீரியாவினுள் புகுந்தால் தம்முள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்வதுண்டு. ஆதலின் ஃபேஜின் மரபணுத் தொடர், பல துணிகளை ஒட்டித் தைத்த போர்வையை ஒத்திருக்கிறது.

இதனால் பயன் என்ன என்று கேட்கலாம். 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அழுகிய கத்தரிக்காய் ஒன்றிலிருந்து ஒரு ஃபேஜ் கிடைத்தது. அதற்கு 'மட்டி' என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் 'சேறு படிந்தது' என்பது அதன் பொருள். 2018-இல் லண்டனில் ஓர் இளம் நோயாளியின் உடலில் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்னும் கிருமி பரவியது. மருந்துகள் பலன் தரவில்லை. ஹாட்ஃபுல் குழுவினர் தம் சேகரிப்பைத் துருவி மூன்று ஃபேஜ்களைத் தேர்ந்தனர். மட்டி இயல்பாகவே அக்கிருமியைக் கொன்றது. மற்ற இரண்டும் கிருமியைக் கொல்லாது அதனுள் அடங்கிக் கிடக்கும் இயல்பின. அடங்கச் செய்யும் மரபணுவை நீக்கிய பின்னரே அவை பயன்பட்டன. புண்கள் ஆறத் தொடங்கின. நோயாளி வீடு திரும்பினார். எனினும் நோய் முற்றும் அகன்றுவிடவில்லை.

அதே இனக் கிருமியால் துன்புற்ற வேறு நோயாளிகளுள் சிலருக்கு இம்மூன்றும் பயன்படவில்லை. கிருமியிலும் வகைகள் பல. அவர்களுக்கு ஏற்ற ஃபேஜ் இன்னும் எவரும் தொடாத ஏதோ ஒரு பிடி மண்ணில் இருக்கலாம். அதைத் தேடுவோர் மாணவராகவும் இருக்கலாம் அன்றோ?