வானில் இரண்டு மணி, தரையில் இரண்டு இரவு

(மும்பை தாராவியில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மும்பை விமான நிலையத்திற்கும் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். ஜெட் விமானம் நேராகப் பறந்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். தாராவியிலிருந்து ரயிலில் நெல்லைக்குச் செல்லும் தொழிலாளிக்கோ இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகின்றன. சேரும் சீமை ஒன்றே. சேரும் நேரம் வர்க்கத்திற்கு வர்க்கம் மாறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெல்லைச் சீமையின் உழைப்பாளிகள் தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். அலுவலக வேலைக்கு வந்த தமிழர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினர். இவர்களுக்கு ஊர்ப் பயணம் உல்லாசம் அன்று. சாவு, திருமணம், கோயில் கொடை, பெற்றோரின் நோய் ஆகியவையே அதன் காரணங்கள். இன்று சாவுச் செய்தி கைப்பேசியில் நொடியில் வந்து சேர்கிறது. மகன் போய்ச் சேர்வதற்குள் தகப்பனின் அடக்கம் முடிந்துவிடுகிறது.

செருப்பணிந்த ஏழையும் விமானத்தில் பறப்பான் என்ற முழக்கத்தோடு 2016இல் உடான் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. சுமார் 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணத்திற்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அதுவும் ஒரு பகுதி இருக்கைகளுக்கு மட்டுமே. நட்டத்தை ஈடுகட்ட நிறுவனங்களுக்கு மானியமும் வழங்கியது.

விளைவு என்ன? 2023இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பதில் கூறுகிறது. மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் சேவை தொடங்கவே இல்லை. மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112. அதற்குப் பின்னும் நீடித்தவை வெறும் 54. லாபமே அளவுகோலானால், மானியம் நிற்கும் இடத்தில் சேவையும் நிற்கும்.

தூத்துக்குடியில் சுமார் 450 கோடி ரூபாய் செலவில் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்கு விமான வசதி தேவையே. ஆனால் அதே அரசு ரயில் பயணிக்கு என்ன செய்தது? மும்பைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கேரளம் வழியாக நாள்தோறும் ஓடிய ஜெயந்தி ஜனதா, கொரோனாவுக்குப் பின் புனேயோடு நிறுத்தப்பட்டது. மதுரை, நெல்லை வழியாகச் செல்லும் நாகர்கோவில் விரைவு ரயில் நாள்தோறும் ஓடுவதில்லை. முதியோரில் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் பறிக்கப்பட்டது.

ஆகவே தோழர்களே, கோரிக்கைகள் தெளிவானவை. மும்பையிலிருந்து நெல்லைக்கு நாள்தோறும் ரயில் வேண்டும். ஜெயந்தி ஜனதா மீண்டும் மும்பை வரை வர வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டிகளையும் படுக்கைப் பெட்டிகளையும் கூட்ட வேண்டும். முதியோர் சலுகையைத் திரும்பத் தர வேண்டும். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து மாட்டுங்கா, செம்பூர் வரை வீடு வீடாகச் சென்று இக்கோரிக்கைகளுக்குக் கையெழுத்துத் திரட்டுவது ஒவ்வொரு கிளையின் உடனடிக் கடமை.