எஸ்கோரியல்: பெரிய மாளிகையில் ஒரு சின்ன அறை
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஸ்பெயின் சுற்றுலா போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாட்ரிட்டில் இருக்கும் நாட்களில் ஒன்றை எல் எஸ்கோரியல் மடாலயத்துக்கு ஒதுக்குங்கள். ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாந்துவிடாதீர்கள்.

1557 ஆகஸ்ட் 10, புனித லாரன்ஸ் திருநாள். அன்று அரசர் இரண்டாம் பிலிப்பின் படை பிரெஞ்சுப் படையை வென்றது. அந்தப் புனிதர் பெயரில் 1563-இல் கட்டத் தொடங்கினார்கள். நான்கே வருடத்தில் தலைமைக் கட்டடக் கலைஞர் டொலேடோ இறந்துபோனார். உதவியாளராக இருந்த ஹெரேரா பொறுப்பேற்று, 1584-இல் முடித்துக் கொடுத்தார். வீடு கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரமே இல்லாத சாம்பல் நிறக் கருங்கல் சுவர்தான். உள்ளேதான் மடம், தேவாலயம், அரண்மனை, அரச கல்லறைகள் எல்லாம். நூலகத்தில் அண்ணாந்து பாருங்கள், கூரை முழுக்க திபால்தியின் ஓவியங்கள். பிறகு அலமாரியைப் பாருங்கள். புத்தகங்களின் முதுகு உள்பக்கம், பொன் பூசிய தாள் விளிம்பு நம் பக்கம்.

இரண்டு இடங்களில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒன்று, பிலிப்பின் படுக்கையறை. பிலிப்பைன்ஸ் நாட்டுக்கே அவர் பெயர்தான். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம். அறையோ சின்னது. ஆனால் கட்டிலில் படுத்தபடியே பலிபீடத்தைப் பார்க்கலாம். கீல்வாதத்தால் நடக்க முடியாமல் போனபோது அந்த வசதி உதவியது. 1598 செப்டம்பர் 13 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது.

இன்னொன்று, எல் கிரேக்கோ வரைந்த புனித மொரீஸ் ஓவியம். தேவாலயப் பீடத்துக்காக அரசரே வரையச் சொன்னது. புனிதர் உயிர்விடும் காட்சியைப் பின்னால் சிறிதாக வைத்து, தோழர்களோடு அவர் பேசுவதை முன்னால் பெரிதாகத் தீட்டிவிட்டார் ஓவியர். பிலிப்புக்குப் பிடிக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, பீடத்துக்கு வேறொருவரை வரையச் சொன்னார். எல் கிரேக்கோவுக்கு அதன் பிறகு அரசரிடமிருந்து வேலையே வரவில்லை.

ஆனால் பிலிப் அந்த ஓவியத்தைத் தூக்கி எறியவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டார். இன்று பலரும் தேடி வந்து பார்ப்பது அதைத்தான். பீடத்தில் இடம் பிடித்த ஓவியத்தை வரைந்தவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு.

நமக்குப் பிடிக்காததையும் பத்திரமாக வைத்திருந்தால், பின்னால் வருகிறவர்களுக்கு அது பயன்படும். அந்த ஓவியத்தின் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.