முதல் மழையும் வேர்ப்புழுவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் முழங்கிய மேடையில் புழுவைப் பற்றிய பேச்சா என்று சிலர் புன்னகை புரியக்கூடும். பிழைப்பின் பொருட்டு இராஜஸ்தானத்து மணல் பூமிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். ரயில்வே குடியிருப்பின் பின்புறத்தில் கிடைத்த சிறு நிலத்தில் ஒரு முருங்கை, நான்கு கத்தரி, பத்து மிளகாய், வாசலில் ஒரு ரோஜா என்று வைத்துக்கொண்டுதான் ஊர் நினைவை ஆற்றிக்கொள்கிறோம். அந்தப் பசுமை ஆவணி பிறந்ததும் காரணம் தெரியாமல் வாடுகிறது. நீர் வார்த்தாலும் தேறுவதில்லை. செடியைப் பற்றி இழுத்தால் வேரின்றிக் கையோடு வந்துவிடுகிறது. மண்ணைக் கிளறினால், பழுப்புத் தலையும் வெள்ளை உடலுமாக, பிறை போல் சுருண்டு கிடக்கிறது வேர்ப்புழு.

வண்டிகளின் கால அட்டவணையை மனப்பாடமாக அறிந்த நாம், இந்த வண்டுகளின் கால அட்டவணையையும் அறிந்துகொள்வது நலம். இப்புழுவின் தாய் ஒரு பழுப்பு நிற வண்டு. பகலில் அதைக் காண்பது அரிது. பருவமழையின் முதல் நல்ல மழை பெய்ததும், அந்தி மயங்கும் வேளையில் மண்ணைத் துளைத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக வெளிவருகிறது. அருகிலுள்ள மரத்தை அடைந்து, இணை கூடி, இரவெல்லாம் இலையைத் தின்று, விடியுமுன் மீண்டும் மண்ணுக்குள் சென்றுவிடுகிறது. சில நாட்களில் பெண் வண்டு மண்ணில் முட்டையிடத் தொடங்கும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரியும். ஆவணி, புரட்டாசி மாதங்களில் புழு வேரைத் தின்று கொழுக்கும். பின்னர் ஆழத்தில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த ஆண்டின் மழையை எதிர்நோக்கி மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. ஆகவே அது நம் கைக்கெட்டும் இடத்தில் திரளாகக் கூடுவது, முதல் மழையை அடுத்த சில இரவுகளில் மட்டுமே.

அது எந்த மரத்தை நாடுகிறது? இங்கேதான் வியப்பு இருக்கிறது. பூச்சிகளுக்கெல்லாம் பகை என்று நாம் போற்றும் வேம்பே இவ்வண்டுக்கு விருப்பமான உணவு! வன்னி, இலந்தை, கொய்யா, முருங்கை ஆகியவற்றையும் அது விட்டுவைப்பதில்லை. இதைக் கேட்டு வேம்பை வெட்டிவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டா. இலை இழந்த வேம்பு மீண்டும் தளிர்க்கும். பகைவன் வந்து கூடும் இடம் எதுவென்று காட்டித் தரும் மரத்தை வெட்டினால், அவன் வேறெங்கோ கூடுவான். நமக்குத்தான் இடம் தெரியாமற்போகும்.

செய்ய வேண்டியது எளிது. முதல் மழை பெய்த அன்று இரவு எட்டு மணிக்கு மேல், மரத்தடியில் பழைய துணியை விரித்துத் துறட்டியால் கிளைகளை உலுக்க வேண்டும். விழும் வண்டுகளைப் பொறுக்கிச் சோப்பு கரைத்த நீரிலோ, சிறிது மண்ணெண்ணெய் விட்ட நீரிலோ போட வேண்டும். முட்டையிடுமுன் முடிக்க வேண்டிய வேலை இது. எனவே முதல் மூன்று நான்கு இரவுகள் தவறலாகாது. அன்று பிடிபடும் ஒவ்வொரு பெண் வண்டும், ஆவணியில் நம் வேர்களைத் தின்ன வரும் ஒரு குடும்பமே அன்றோ!

எஞ்சியவற்றுக்கு வேறு வழிகள் உள்ளன. மக்காத சாணத்தைப் பாத்தியில் இடாமல், நன்கு மக்கியதையே இட வேண்டும். பயிர் எடுத்தபின் மண்ணை ஆழக் கொத்திவிட்டால், மேலே வரும் புழுக்களைக் காகமும் மைனாவும் கவனித்துக்கொள்ளும். 1879-இல் ஒடெஸ்ஸா நகரில் மெச்னிகாவ் என்னும் அறிஞர் கோதுமை வண்டின் புழுக்களில் கண்ட பச்சைப் பூஞ்சை, மெட்டாரைசியம் என்ற பெயரில் இன்று பொடியாகக் கிடைக்கிறது. மக்கிய எருவுடன் கலந்து, ஈரம் காயாத மண்ணில் இட வேண்டும். புழுவின் உடலுக்குள் புகுந்து அதனை மாய்க்கும் நூற்புழு ஒன்றும் உண்டு. கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, 1992-இல் நம் நாட்டின் பெயராலேயே ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயர் சூட்டப்பெற்றது அது.

மருந்துக்கடையில் ஒரு பொட்டலம் நஞ்சு வாங்கித் தூவினால் தீராதா என்று கேட்பார் உண்டு. இப்புழுவுக்காக ஒரு காலத்தில் கணக்கின்றித் தூவப்பட்ட பி.எச்.சி. 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஃபோரேட் என்னும் குருணையும் 2020 இறுதியோடு தடை பெற்றது. குழந்தைகள் விளையாடும் மண்ணில், கீரை பறிக்கும் பாத்தியில், நஞ்சுக்கு என்ன வேலை?

பிற நாட்டார் பட்டறிவையும் காண்போம். அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து ரிவர்ட்டன் ஊருக்கருகே 1916-இல் ஜப்பானிய வண்டு முதன்முதல் காணப்பட்டது. தாய்நாட்டில் இயற்கைப் பகைவரால் அடங்கியிருந்த வண்டு, அவர்களில்லாத புதிய நிலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட செடி வகைகளை மேய்ந்தது. ஆசிய நாடுகளிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். 1939 முதல் 1953 வரை 14 மாநிலங்களில் இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில், புழுவுக்குப் பால்நோய் தரும் நுண்ணுயிர்ப் பொடியை இட்டார்கள். ஆயினும் வண்டு அடியோடு ஒழியவில்லை. 2014-இல் இத்தாலியிலும் அது காணப்பட்டது. இன்றும் அங்குள்ள தோட்டக்காரர்கள் காலை வேளையில் அதைப் பொறுக்கிச் சோப்பு நீரில் இடுகிறார்கள். ஒரே நாளில் வென்று முடிக்கும் போர் அன்று இது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கடமை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வோம். ஒரு வீட்டார் மட்டும் உலுக்கிப் பயனில்லை. வண்டுக்குச் சிறகு உண்டு. அடுத்த வீட்டு வேம்பிலிருந்து நம் பாத்திக்கு வர அதற்குப் பயணச்சீட்டு வேண்டுவதில்லை. தமிழர், மராட்டியர், வங்காளியர், இவ்வூர் மக்கள் என்ற வேறுபாடின்றித் தெருவார் அனைவரும் ஒரே இரவில் எல்லா மரங்களையும் உலுக்கினால்தான் பயன் விளையும். ஆனி பிறக்குமுன் தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, மரங்களை எண்ணி, துறட்டியும் துணியும் ஆயத்தமாக வைக்க வேண்டுகிறோம். நம் சங்கம் இதற்கு முன்னின்றால், அண்டை அயலார் நம்மை அழைக்காமலே தேடி வருவர்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!